மாதுளை ஒரு துளி

என் வாயாடிக்கு,

உன் ஏழு வயதில் விழுந்த பால்பல்லை ஆய்வுக்குக் கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குள்ளிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் என் ஆய்வகத்தில் இன்னும் வளர்கின்றன. நீ அப்பா வீட்டுக்குப் போன இந்த ஏழு மாதமாக நான் தினமும் சாப்பாடு போடுவது அவற்றுக்குத்தான்.

இப்போது மாதுளைச் சாறு கொடுத்துப் பார்க்கிறோம். ஆமாம், நீ வாயை இறுக மூடிக்கொள்வாயே, அதே மாதுளைதான். "ரத்தம் ஊறும், ஒரே ஒரு வாய்டி!" என்று கிண்ணத்தோடு குளியலறை வரை துரத்துவேன். "என்னைக் கொஞ்சம் விடும்மா!" என்று நீ உள்ளேயிருந்து கத்துவாய்.

நேற்று முடிவு தெரிந்தது. சாறு அதிகமாக ஊற்றிய தட்டில் செல்கள் சுருங்கி, பிடி விட்டு மிதந்தன. ஒரு துளி மட்டும் விட்ட தட்டில் இடமே இல்லாமல் பரவியிருந்தன.

"கொஞ்சமா குடுத்தாதான் மேடம் ஒட்டிக்குது" என்றார் உதவியாளர். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா? மாதுளையை உரித்து மேசைமேல் வைத்திருப்பேன். சாப்பிடு என்று சொல்லவே மாட்டேன், சத்தியமாக. பக்கத்து அறையில்தான் இருப்பேன். நீ கூப்பிட்டால் வருகிறேன்.

உன் அம்மா