நீ சிவப்பு அடிச்ச பாலம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. 'அன்புள்ள'ன்னு எழுதிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். அடிச்சுடலாமான்னு தோணுச்சு. சரி, பழக்கதோஷம், இருந்துட்டுப் போகட்டும். நலமான்னு கேட்கப் போறதில்ல. கேடயத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நீ பல்லைக் காட்டுற போட்டோ போன வாரமே வந்துடுச்சு. 'கலவரத்தை முன்கூட்டியே கண்டறிந்தவர்'னு அதுல பொறிச்சிருக்கு. எந்தக் கலவரம்டா? பத்து நாளா நானும் இந்தத் தெருவுல தேடுறேன், கண்ணுல படல.

போன்ல பேசாம ஏன் லெட்டர்னு யோசிப்பே. போன்ல பேசிப் பட்டது போதும். தினமும் காலைல நீ கூப்பிட்டு, அக்கா சாப்பிட்டியா, தெரு எப்படி இருக்கு, கடையெல்லாம் திறந்துட்டாங்களான்னு கேட்கும்போது, தம்பிக்கு நம்ம மேல என்ன பாசம்னு பூரிச்சுப் போனேன். அந்தப் பேச்சையெல்லாம் நீ ஆபீஸ் அறிக்கைல ஏத்துறேன்னு எனக்குத் தெரியாது. எந்த ஊர்ல அடிதடி வரும், எந்த ரோடு அடைபடும்னு மோப்பம் பிடிச்சு, அதுக்கு முன்னாடியே மருந்து வண்டியை நிறுத்துறதுதான் உன் வேலைன்னு தெரியும். அந்த மோப்பத்துக்கு என் வாயைப் பிடுங்குவேன்னு மட்டும் தெரியாமப் போச்சு.

பத்து நாளைக்கு முன்னாடி நான் என்ன சொன்னேன்? இன்னைக்கு ஒரு கடையும் இல்லடா, எல்லாரும் ஷட்டரை இறக்கிட்டாங்க, தெருவே அடங்கிக் கிடக்குன்னு சொன்னேன். அன்னைக்குத் தேதி என்னன்னு பார்த்தியா? மாசக் கடைசி. இந்தக் கடைத்தெருவுல மாசக் கடைசின்னா பாதி ஷட்டரை இறக்கிட்டு உள்ளே சரக்கு எண்ணுவாங்க. நம்ம அப்பாவோட இரும்புக்கடைல அந்தப் பாதி ஷட்டருக்குள்ள குனிஞ்சு நுழைஞ்சு, போல்ட்டும் நட்டும் எண்ணி எண்ணி விரல் கறுத்தவன் நீ. எண்ணி முடிக்கிற வரைக்கும் மூட்டை தூக்குறவங்களுக்கு வேலை இருக்காது, நடுரோட்டுல உட்கார்ந்து சீட்டாடுவாங்க. அதுவும் உனக்குத் தெரியும். பாலத்து முனைல இருக்கிற கேமரால அதைப் பார்த்துட்டு, நாற்பது பேர் சாலை மறியல்னு எழுதிட்டியே! தலைநகர்ல யாரோ நாலு பஸ்ஸை எரிச்சாங்கன்னு, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாப் போச்சு. வெளியூர்க்காரன் யாராவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிருப்பேன்.

ஆபத்தான வழின்னு உன் ஆபீஸ் மேப்புல நீ பாலத்துக்குச் சிவப்பு அடிச்சே. அந்தப் புதன்கிழமை வண்டி வரல. நேத்துப் புதன்கிழமையும் வரல. ஐஸ் பெட்டியோட அந்த வண்டி வந்தாத்தான் என் மருந்துக்கடைக்கு இன்சுலின். ஆத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற அத்தனை கடைக்கும் உன் கம்பெனிதான் கொடுக்குது, வேற வழி கிடையாது. அக்கரைக் கடைகள்ல ஆள் அனுப்பிக் கேட்டாலும், எங்களுக்கே பத்தலன்னு கை விரிக்கிறாங்க. பதினொரு தடவை போன் பண்ணேன். ஒரு தடவை சிவப்பு அடிச்சா, பதினாலு நாள் அந்த ரோட்டுல ஒண்ணும் நடக்கலைன்னு ஆனாத்தான் மாத்த முடியும், அதுதான் விதிமுறைன்னு சொன்னே. அங்கே ஒண்ணும் நடக்கலடா, நான் சொல்றேன்னு சொன்னதுக்கு, வாய்வார்த்தை செல்லாது அக்கா, ஆதாரம் வேணும்னு சொன்னே. அப்போ சிவப்பு அடிக்கும்போது மட்டும் என் வாய்வார்த்தை எப்படிச் செல்லுச்சு? கேட்டதும் போனை வச்சுட்டே. தப்புன்னு ஒத்துக்கிட்டா கேடயத்தைத் திருப்பிக் கேட்பாங்கன்னு பயம், அவ்வளவுதான்.

இனிமே எழுதப் போறதை எழுதாதேன்னு உன் அத்தான் சொல்றார். கண்ணாடி போன இடத்துல அட்டையை வச்சு ஒட்டிக்கிட்டே சொல்றார். ஆமா, முந்தாநாள் கடைக்கண்ணாடி உடைஞ்சுது. கல்லால அடிச்சது நம்ம எதிர்க்கடை டெய்லர். இதை நீ அறிக்கைல ஏத்தினா பதினாலு நாளும் மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், தெரியும். ஆனா பொய் எழுத எனக்கு வராது, அந்தப் புண்ணியம் உன்னோட நிக்கட்டும்.

டெய்லர் மேல தப்பில்ல. அவர் சம்சாரத்துக்குச் சர்க்கரை ஏறி, எழுந்து நடக்க முடியல. மருந்து வந்துச்சான்னு தினமும் வந்து கேட்டார். ஒரு குப்பி கூட இல்லைன்னு சொன்னேன். ஃபிரிட்ஜுல, இருமல் மருந்துக்குப் பின்னால, ஒரே ஒரு குப்பி ஒளிச்சு வச்சிருந்தேன். வாலுவுக்கு. ஆமாடா, உன் அக்கா மகளுக்கு. தினமும் ஊசி இல்லைன்னா அவ இல்லைன்னு உனக்குத் தெரியாதா? எதையோ எடுக்க நான் ஃபிரிட்ஜைத் திறந்தப்போ டெய்லர் அதைப் பார்த்துட்டார். வெளியே போனார், கல்லோட வந்தார்.

உடைஞ்ச கண்ணாடியைப் பெருக்கும்போது எனக்கு வந்த கோபம் டெய்லர் மேல இல்ல. கலவரம் வரும்னு நீ எழுதினே, அதனால மருந்து நின்னுச்சு, மருந்து நின்னதால கல்லு வந்துச்சு. இப்போ நீ, 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்'னு மார்தட்டிக்கலாம். வாயில நல்லா வருது, பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கிறதால எழுதல.

அந்தக் குப்பியை நேத்துக் காலைல எல்லார் முன்னாடியும் திறந்துட்டேன். டெய்லர் சம்சாரம், தபால்காரர், இன்னும் மூணு பேர், வாலு. ஆறு பேரும் காலைலயும் சாயங்காலமும் கடைக்கு வந்து வரிசைல நிக்கிறாங்க, ஆளுக்கொரு புது ஊசில போட்டு விடுறேன். டெய்லர் என் முகத்தைப் பார்க்காமலே சம்சாரத்தைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வர்றார். ஆறு பேருக்கும் சேர்த்து அளந்து பார்த்துட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வரும். திங்கக்கிழமை காலைக்கு இல்ல.

வாலுவை மட்டும் பஸ் ஏத்தி என்கிட்ட அனுப்பிடு அக்கான்னு சொன்னியே, அதுக்கும் பதில் சொல்லிடுறேன். பாலத்துல பஸ் ஓடுதுன்னு உனக்கும் தெரியுதுல்ல? அந்த அஞ்சு பேர் கண்ணு முன்னாடி என் பிள்ளையை மட்டும் பஸ் ஏத்திட்டு, அப்புறம் நான் எந்த மூஞ்சியோட கடை திறக்கிறது? அனுப்ப மாட்டேன்.

ஆதாரம் கேட்டேல்ல, இந்தா. இந்த லெட்டரை உன் கையில கொடுத்தவர் வெங்காய லாரி டிரைவர். பத்து நாளும் அதே பாலத்து மேல போய்ட்டு வந்திருக்கார். டோல்கேட்டுல கொடுத்த சீட்டு அத்தனையும் தேதியோட, மணியோட இதோட பின் அடிச்சிருக்கேன். வெங்காயம் வருது, சிமெண்ட் வருது, இந்த லெட்டரும் வந்துடுச்சு. உன் மருந்து மட்டும்தான் வரல. வெள்ளிக்கிழமை மதியம் இதை உன்கிட்ட கொடுத்துட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திரும்பிக் கிளம்புவார். உன் கம்பெனி குடோன்ல நம்ம ஊர் பேர் எழுதின பெட்டி கட்டியே இருக்குன்னு குடோன்காரரே சொன்னார். உன் கையெழுத்து இல்லாம வெளியே விட மாட்டாங்களாம். கையெழுத்தைப் போடு. வேலை போனா போகட்டும், இங்கே வந்து இரு, சோறு போடுறேன், திட்டிக்கிட்டேதான் போடுவேன்.

டிரைவர் பக்கத்து சீட்டு காலியாத்தான் வரும். நீ சிவப்பு அடிச்ச ரோட்டுல, பெட்டியை மடியில வச்சுக்கிட்டு, நீயே ஒரு தடவை வந்து பாரு. பயமா இருந்தா பெட்டியை மட்டும் அனுப்பு.

வாலுவுக்கு எதுவும் தெரியாது. வண்டி ஏன்மா வரலைன்னு நேத்துக் கேட்டா. வரும்டின்னு சொன்னேன். மாமாவுக்கு என்னம்மா வேலைன்னு கேட்டா. மருந்து வண்டிக்கு வழி காட்டுற வேலைன்னு சொல்லிட்டேன். இப்போ அதைத்தான் வரைஞ்சுக்கிட்டு இருக்கா, பாலம், வண்டி, முன்னால கையை நீட்டிக்கிட்டு நீ. பாலத்துக்குப் பச்சை அடிச்சிருக்கா. அந்தத் தாளையும் இதுக்குள்ள மடிச்சு வச்சிருக்கேன்.

அவகிட்ட இதுவரைக்கும் நான் பொய் சொன்னதில்லடா. சனிக்கிழமைக்குள்ள அதை நிஜமாக்கிடு. நல்லா இரு.

இப்படிக்கு,
இன்னமும் உன் அக்கா