பதிவுகளை அழித்தது நான்தான்

சூரமங்கலம், சேலம்.

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன் சாமி. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் முட்டி வலி. நடந்தால் சரியாகிவிடும் என்று அவரே வைத்தியம் சொல்லிக்கொண்டு ஜங்ஷன் வரை போய்ப் பேப்பர் வாங்கிவருகிறார், வந்த பிறகு தைலத்தை எடு என்கிறார். கீழ் வீட்டு வித்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, உன்னிடம் சொல்லச் சொன்னாள். இத்தனையையும் போனிலேயே சொல்லியிருக்கலாம், எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டு நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். உன் புராஜெக்ட் நாளுக்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் அதைத்தான் செய்தேன். எழுதித் தபாலில் போட்டுவிட்டால் திரும்ப வாங்க முடியாது அல்லவா, அதற்காகத்தான் இது.

உன் வெப்சைட்டில் இருந்த என் பதிவுகள் தானாகக் காணாமல் போகவில்லை. உன் கோடிங்கில் ஓட்டை எதுவும் இல்லை. அவற்றை அழித்தது நான்தான். நீ கேட்டபோது நான் எதையுமே தொடவில்லை என்று சொன்னது பொய்.

ஏன் செய்தேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி. நீ படிக்கிற கம்ப்யூட்டர் கோர்ஸின் கடைசி புராஜெக்டுக்காக யார் வேண்டுமானாலும் சேர்ந்து எழுதுகிற பிளாக் ஒன்றைச் செய்கிறேன் என்று நீ சொல்லி, எனக்கும் ஒரு லாகின் கொடுத்தாய். பக்கம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது, உனக்குத் தோன்றுவதை எல்லாம் எழுதும்மா என்றாய். அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று பட்டனில் எல்லாம் தமிழிலேயே பெயர் வைத்துக் கொடுத்தாய். எனக்கு அது பிடித்துப்போயிற்று. மதியம் வேலை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். டவுன் பஸ்ஸில் நடந்த சண்டையை எழுதினேன், ஜேடர்பாளையம் அணைக்கட்டில் மீன் வாங்கித் தின்ன வரும் கூட்டத்தைப் பற்றி எழுதினேன், உன் அப்பாவின் முட்டியைப் பற்றிக்கூட எழுதினேன். நீ படித்துவிட்டுச் சிரித்ததாகச் சொல்வாய். நீ மட்டும்தான் படிக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெப்சைட் என்றால் ஊருக்கே திறந்த கதவு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் ரஞ்சிதா அத்தையைக் காது டாக்டரிடம் காட்ட நான் கூட்டிப்போனேன். இடது காது கேட்காது என்று நம் எல்லாருக்கும் தெரியும், சின்ன வயதில் வந்த காய்ச்சலில் போயிற்று என்றுதான் என் தம்பி, உன் அங்கமுத்து மாமா சொல்லிவைத்திருந்தான். டாக்டர் கேட்டபோது அவளும் காய்ச்சல் என்றே சொன்னாள். வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லைங்க அண்ணி, சந்தோசு கைக்குழந்தையா இருக்கறப்ப உங்க தம்பி அடிச்சதுங்க என்றாள். சோறு ஆறிப்போனதற்காக அடித்தானாம். என் கூடப் பிறந்தவன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். கூப்பிட்டால் காதில் வாங்குவதே இல்லை என்று அவளை நானே எத்தனையோ முறை குறை சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அதை உன் வெப்சைட்டில் எழுதிவிட்டேன். பெயர் எதுவும் போடவில்லை, என் தம்பி, அவன் மனைவி என்று மட்டும் எழுதினேன். அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மனசில் இருப்பதை இறக்கிவைக்க எனக்கு ஓர் இடம் கிடைத்தது, இறக்கிவைத்தேன், அவ்வளவுதான் நினைத்தேன். நீயும் படித்துவிட்டு அம்மா இது உண்மையா என்று கேட்டாய். யாரோ சொன்ன கதை என்று அப்போதே உன்னிடம் மழுப்பினேன். பொய் அங்கேயே தொடங்கிவிட்டது.

புராஜெக்டைக் காட்டுவதற்கு முந்தின நாள் நீ சந்தோஷமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டாய். அம்மா எழுதுகிறாள், எல்லாரும் படியுங்கள் என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அந்தப் பதிவு ஞாபகத்துக்கே வரவில்லை. மறுநாள் காலையில் உன் அங்கமுத்து மாமா போன் செய்தான். அக்கா, ஊருக்குள்ள நான் தலை காட்ட முடியாம பண்ணிப்போட்டயே, இப்பவே அதைய எடு, இல்லீன்னா இனி என் ஊட்டு வாசப்படி மிதிக்காத என்றான். நடந்தது பொய் என்று அவன் சொல்லவே இல்லை, எடு என்றுதான் சொன்னான். அந்தப் பதிவைத் திறந்து அழி என்ற பட்டனை அழுத்தினேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது, ஆம் என்றேன். பிறகு மற்றப் பதிவுகளிலும் அவன் ஊர் ஜேடர்பாளையம் வருகிறதே, தம்பி வருகிறானே என்று பயம் வந்து ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அழித்தேன். ஒவ்வொரு தடவையும் உன் பட்டன் என்னைச் சரியாகத்தான் கேட்டது சாமி. அன்றைக்கு நீ எல்லார் முன்னாலும் நின்று அந்தப் பக்கத்தைத் திறக்கப்போகிறாய் என்ற நினைப்பு, கடைசிப் பதிவும் போன பிறகுதான் எனக்கு வந்தது. அப்போதாவது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கூப்பிடவில்லை.

மதியம் நீ அழுதுகொண்டே பேசினாய். திரையில் பதிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மா நீ ஏதாவது செய்தாயா என்று கேட்டாய். இல்லவே இல்லை என்றேன். யார் அழித்தார்கள் என்று பதிந்துவைக்கிற ஏற்பாட்டை இன்னும் செய்யவில்லை என்று நீ சொன்னது எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருவர் எழுதியதை வேறு யாரோ அழிக்க முடிகிறது என்றால் அடிப்படையே தப்பு, மறுபடி செய்துகொண்டு வா என்று உன் சார் சொல்லிவிட்டார் என்றாய். என் ஒரு பொய்யால் நீ இல்லாத பிழையைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறாய். நேற்று அப்பா நீ அவருக்கு அனுப்பிய மெசேஜைக் காட்டினார். எனக்கு இது வராதுப்பா, ஈரோட்டில் பழைய ஆபீஸிலேயே மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மொதல்ல புள்ளைக்கு நெசத்தைச் சொல்லு சௌந்திரம் என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. ரஞ்சிதா என்னைக் கூப்பிட்டு, ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க அண்ணி என்றாள். எழுதியதற்குத் திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில் பஸ் மாறிப் போனேன். உன் மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்து வா என்று சொல்லவில்லை. அவர்கள் பையன் சந்தோஷ்குமாரும் இருந்தான், லாரி பட்டறைக்கு லீவு போட்டிருந்தானாம். நான் அவள் கையைப் பிடித்து, தப்புப் பண்ணிவிட்டேன் ரஞ்சிதா, உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன் என்றேன். அவள் கையை உருவிக்கொண்டாள். எழுதறப்பவும் என்னையக் கேக்கல, அழிக்கறப்பவும் என்னையக் கேக்கலீங்க என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. அன்னிக்கு லிங்க் வந்ததும் திரும்பத் திரும்பப் படிச்சேனுங்க, எனக்கு நடந்ததை நான் யாருக்குஞ் சொன்னதில்ல, அது எழுத்தா இருந்துச்சு, காலையில பாத்தாக் காணோம், இங்க எல்லாரும் அப்படி ஒன்னு நடக்காத மாதிரி உக்காந்து சோறு தின்னாங்க என்றாள். உன் மாமா எழுந்திருக்கப் போனான். சந்தோஷ்குமார்தான், அப்பா உக்காருங்க என்றான். பிறகு அவளைப் பார்த்து, நெசமாம்மா என்று கேட்டான். அவள் ஆமாம் சாமி என்றாள். அந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை. உன் மாமா தலை நிமிரவே இல்லை.

அவன் திருந்திவிட்டான் என்றோ அவள் எங்களை மன்னித்துவிட்டாள் என்றோ உனக்கு எழுத மாட்டேன், எனக்குத் தெரியாது. கிளம்பும்போது உன் மாமாவே வண்டியை எடுத்து என்னைப் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டான். பஸ் வந்ததும், அவ எழுதச் சொன்னா எழுதிக்க, நான் தடுக்கல என்றான். அப்பறம், சேலத்துல காதுக்கு மிசின் வைக்கறாங்களாமே, எந்த டாக்டர்ட்டப் போனீங்க என்று கேட்டான். சொன்னேன். பஸ் கிளம்பும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

யுவஸ்ரீ, உன் அப்பா வேண்டாம் என்று சொல்லியும் இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போய்ப் படி என்று உன்னை அனுப்பியவள் நான். உன் முதுகில் தட்டிக்கொடுத்த அதே கையால் உன் வேலையையும் அழித்துவிட்டேன். நீ என்னைத் திட்டு, பேசாமல் இருக்க வேண்டும் என்றாலும் இரு, ஆனால் எனக்கு வராது என்று மட்டும் நினைக்காதே. நீ செய்த பக்கத்தில் ஒரு பெண் தன் வாழ்க்கையில் நடந்ததைப் படித்திருக்கிறாள். அது வராதவர்கள் செய்த வேலை இல்லை. இந்தக் கடிதத்தை உன் சாரிடம் காட்டு, தமிழ் தெரியாது என்றால் நீயே படித்துச் சொல். என்னோடு பேச வேண்டும் என்றாலும் பேசச் சொல், எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் நான் செய்ததை நானே சொல்கிறேன். மறுபடி காட்டும்போது பக்கம் காலியாக இருக்காது, என் பதிவுகளை எல்லாம் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதத் தொடங்கிவிட்டேன், அந்த ஒன்றைத் தவிர.

வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், பருப்புப் பொடியும் எள் உருண்டையும் தனியாகப் பார்சலில் வருகின்றன. ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ எடுத்த காரியம் எதுவும் பாதியில் நிற்காமல் நிறைவேற வேண்டும், உனக்கு எந்தக் குறையும் வரக்கூடாது என்று அம்மாவின் ஆசீர்வாதம், அப்பாவும் அதையேதான் சொல்கிறார். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ரஞ்சிதா அத்தைக்கு உன் வெப்சைட்டில் தனியாக ஒரு லாகின் வேண்டுமாம். என் கதையை இனி நானே எழுதிக்கறேனுங்க என்றாள். என்ன பெயர் போடச் சொல்லட்டும், வேறு ஏதாவது பெயர் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். வேற பேரு எனத்துக்குங்க, ரஞ்சிதான்னே போடச் சொல்லுங்க என்றாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா
சௌந்திரம்