என் கைக்கு ஏற்ற ஹேண்டில்பார்

ஜூலை 8
திருவல்லிக்கேணியிலிருந்து தி.நகர், அங்கிருந்து அடையாறு. தைத்த ரவிக்கைகளைக் கடை கடையாகக் கொடுத்து வருவதற்குள் இடது கை அசந்துபோகிறது. டாக்டரிடம் போகச் சொல்கிறாள் ஜுவேரியா. குறை வண்டியில் இருக்க, பொண்டாட்டிக்கு என் உடம்பின் மேல்தான் சந்தேகம். இந்தத் தட்டை ஹேண்டில்பாரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.

ஜூலை 11
ராயப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒன்று மாட்டுக் கொம்பு மாதிரி அகலம் — அதோடு பாண்டி பஜாரில் நுழைந்தால் ஊரையே இடிக்க வேண்டியதுதான். இன்னொன்று ரேஸ் விடும் பையன்களுக்கானது. குனிந்தால் நிமிர்த்த ஆள் வேண்டும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, கடைக்காரரே! கடைசியில் உயரமாக, பின்பக்கம் வளைந்த ஒன்றை வாங்கினேன்.

ஜூலை 12
மெக்கானிக் கபாலி அளவெடுப்பதே தனி. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு என்னை ஏற்றி உட்கார வைத்தான்.
"கண்ண மூடிக்கினு ரெண்டு கையும் நீட்டு பாய். கை எங்க போய் நிக்குதோ, அங்கதான் ஹேண்டில்பாரு."
நீட்டினேன்.
"இன்னா பாய், லெஃப்ட் கை கீய தொங்குது?"
"அசதிப்பா. அதுக்குத் தக்கன வளைச்சு வுடு."
இடது பக்கத்தை மட்டும் வளைத்துத் தந்தான். பார்க்கக் கோணல். ஓட்ட ராஜபோகம்!

ஜூலை 29
அசதியே இல்லை. ஜுவேரியாவிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினேன். மகள் ஆஃப்ரீன் வண்டியை எடுத்துப் போய், கோணலாக இழுக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 21
கிளட்ச் ரொம்ப டைட்.

ஆகஸ்ட் 24
கேபிள் மாற்றியாயிற்று. கபாலி இரண்டு விரலால் பிடிக்கிறான். எனக்கு நான்கும் போதவில்லை. மறுபடி கண்ணை மூடிக் கை நீட்டினேன். முன்னைவிடக் கீழே. இன்னும் வளை என்றேன்.
"மாட்டேன் பாய். வண்டி நல்லாத்தான் கீது. நீதான்..." என்று நிறுத்திக்கொண்டான். திட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 3
லஸ் சிக்னலில் கிளட்சைப் பிடித்திருக்க முடியவில்லை. வண்டி பாய்ந்து முன்னால் நின்ற ஆட்டோவில் முட்டியது. யாருக்கும் அடியில்லை. ஆட்டோக்காரர் வாய்க்கு வந்தபடி பேசினார். நான் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது. எப்போதிலிருந்து? யா அல்லாஹ், இத்தனை நாள் எதைப் பார்த்துக்கினு இருந்தேன்?

செப்டம்பர் 17
நரம்பு நோயாம். கூடுமே தவிரக் குறையாதாம். வலது கைக்கும் வருமா என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.
ஜுவேரியா "அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அக்டோபர் 5
இனி கடைகளுக்கு ஆஃப்ரீன்தான் போவாள். கபாலி கோணல் பாரைக் கழற்றினான்.
"கண்ண மூடிக்கினு கைய நீட்டும்மா."
நீட்டினாள். இரண்டு கையும் சமமாக நின்றன. கபாலி என் பக்கம் திரும்பவே இல்லை.
"ஏறுங்க அத்தா" என்றாள் மகள்.
பின்னால் ஏறினேன். வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பிறகு அவள் தோளைப் பிடித்தேன்.