ஆணியில் இரண்டு டோக்கன்

மே 4, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. போவன்பள்ளி ரோடு ஜாம். கொத்தமல்லி லோடு லேட், பாதி வாடல். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

பத்தரைக்கு யாதம்மா மயங்கி விழுந்தாள், தக்காளி பொறுக்கும் மேஜையிலேயே. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையாம். குடித்தால் பாத்ரூம் போகணும், போக டோக்கன் வேண்டும். இருபத்திரண்டு பெண்களுக்கு இரண்டே டோக்கன். மேனேஜர் பி. போன மாதம் போட்ட சட்டம். காய்கறி ஷெட்டில் ஆணி அடித்து அவற்றை மாட்டியது யார்? சூப்பர்வைசர், நான். விட்டால் உள்ளே போய் அரட்டை அடிப்பார்கள் என்று நானும்தான் நம்பினேன். வெட்கமாக இருக்கிறது.

மே 5, செவ்வாய்
டோக்கன்களைக் கழற்றிப் பையில் போட்டேன். மாடி ஏறி பி.யிடம் இனி டோக்கன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சென்னைக்காரர், இந்தத் தெலுங்கு ஊரிலும் என்னிடம் தமிழ்தான். கத்தவில்லை.

"நாம பார்க்கலேன்னா அவங்க கை நகராதும்மா. இவங்கள உங்களுக்குத் தெரியாது."

எட்டு வருஷம் அதே மேஜையில் நின்றவள் நான். எனக்குத் தெரியாதாம்! சனிக்கிழமை வரை டைம். பொறுக்கி நிரப்பும் டிரே குறைந்தால் நான் சூப்பர்வைசர் இல்லை, மறுபடி மேஜைக்கு. சரி என்றேன். ஒரு கை பார்த்துவிடலாம்.

மே 6, புதன்
டிரே குறைவு. ஒரு மாத பாக்கியையும் சேர்த்துப் போவதுபோல ஆளாளுக்குப் போகிறார்கள். பாத்ரூம் வாசலில் போய் நின்றேன், வாட்சைப் பார்த்தபடி. செல்வி வெளியே வந்தாள். லாலாகுடா ரயில்வே காலனித் தமிழ்ப் பெண், வாய்த்துடுக்கு.

"காய்கூ அக்கா, எதுக்கு இந்தக் காவல்? டோக்கனை எடுத்துட்டு அந்த ஆணியில நீங்களே தொங்குறீங்க."

சுருக்கென்றது.

மே 7, வியாழன்
பாத்ரூம் பக்கம் திரும்பவே இல்லை. அவர்களோடு மேஜையில். மிளகாய் பொறுக்கி விரலெல்லாம் எரிச்சல். தண்ணீர் கேன் மேஜை ஓரத்தில், மதியத்துக்குள் காலி.

யாதம்மா ஒரு யோசனை சொன்னாள்: தராசை இந்தப் பக்கம் நகர்த்தினால் பாதி நடை மிச்சம். ஒரு வருஷமாக மனசில் இருந்ததாம். ஏன் சொல்லவில்லை என்றேன். யார் கேட்டீர்கள் என்றாள், தெலுங்கில். நகர்த்தியாச்சு.

மே 9, சனி
தூறல். டிரே குறையவில்லை, முன்பைவிடக் கூட! இரண்டிரண்டு படியாக ஏறினேன். பி. ஷீட்டை நிதானமாகப் பார்த்தார்.

"சனிக்கிழமை செக்கிங்னு பயந்து செஞ்சிருக்காங்க. திங்கள் டோக்கனை மாட்டிடுங்க."

குறைந்தால் சோம்பல், கூடினால் பயம். இந்த மனுஷரிடம் அவர்கள் எதைச் செய்து ஜெயிப்பது? என் வேலை தப்பித்தது. சந்தோஷம் துளிகூட இல்லை. மாட்ட மாட்டேன்.

மே 11, திங்கள்
மாட்டவில்லை. காலையில் செல்வியிடம் மட்டும் சொன்னேன், மாடிக்குப் போகிறேன் என்று. சூப்பர்வைசருக்கு டோக்கன் கிடையாது, தோன்றும்போது போகலாம். எனக்கு மட்டும் அந்த நம்பிக்கை எதற்கு?

ஒன்பது மணி. பி.யின் கேபினில் மீட்டிங், வெளி ஆட்கள் நாலு பேர். கதவைத் தட்டி உள்ளே போனேன். இரண்டு டோக்கனையும் அவர் முன்னால் வைத்தேன்.

"சார், பாத்ரூம் போகணும். உங்க கையால ஒண்ணு எடுத்துக் குடுங்க."

பி. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். வாசலில் யாதம்மா, அவள் பின்னால் செல்வி, வரிசை கீழ்ப்படி வரைக்கும். நான் யாரையும் வரச் சொல்லவில்லை.