செவலை அடைக்கு உட்கார்ந்த மழைக்காலம்

முடிச்சூர்,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை.

ரேஷ்மா அப்பாவுக்கு எழில் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் குழந்தையும் சுகம். அங்கே உங்களுக்குக் கை நடுக்கம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

குடியை நிறுத்த அங்கே சேர்ந்தவர்களுக்கு மூன்று மாதம் போன் கிடையாதாம், கடிதம் கொடுக்கலாம் என்று உங்கள் மையத்துக் கவுன்சிலர் அம்மா சொன்னார். "மனசுல இருக்கறத எல்லாம் எழுதுங்க. கோவமா இருந்தாலும் பரவாயில்ல, அவருக்கு அது தெரியணும்" என்றார். காலைப் பூசைக்குப் போய்வந்ததிலிருந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தேடிப் பார்த்தால் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போய், கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது. அதனால் வீட்டு விஷயத்தை எழுதுகிறேன்.

ரேஷ்மாவின் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கை மெலிந்துபோய், வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. பந்தை அமுக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அன்றைக்கு நடந்தது உங்களுக்கு நினைவில்லை என்று உங்கள் சவுரிமுத்து அண்ணன் சொன்னார். நீங்கள் என்னை அடிக்க வந்தீர்கள். குழந்தை குறுக்கே வந்தாள். தள்ளிவிட்டீர்கள், மாடிப்படியிலிருந்து விழுந்தாள். நடந்தது அவ்வளவுதான்.

மேல்வீட்டுத் தனக்கோடி அம்மா பொங்கலுக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல எழிலு. வீட்டுக்குச் சொந்தக்காரின்னு நானும் பாத்துக்கிட்டுதான இருந்தேன். இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது" என்றார். சரிம்மா என்றேன். மேடவாக்கத்தில் உங்கள் தண்ணி லாரிக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டார்களாம். அண்ணன் சொன்னார். அதற்கும் சரி என்றேன்.

அப்புறம், நம் செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே பழைய சாக்கின் மேல் போய்ப் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. முட்டை எதுவும் இல்லாத இடத்தில் படுத்திருக்கிறது. கிட்டே போனால் உடம்பை உப்பிக்கொண்டு கர்ரென்கிறது. எதிர்வீட்டுச் செல்லம்மா அக்கா பார்த்துவிட்டு, "இன்னாடி எழிலு, கோழி அடைக்குக் குந்திகினு கீது? வாளித் தண்ணியில ரெண்டு முக்கு முக்கி வெயில்ல வுடு. தெளிஞ்சிடும், மறுபடி முட்டை வுடும்" என்றது.

வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். செவலையைத் தூக்கினேன். வயிற்றுப் பக்கம் இறகெல்லாம் உதிர்ந்து தோல் நெருப்பாகக் கொதித்தது. ரேஷ்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, கோழியைத் திரும்பச் சாக்கின் மேலேயே விட்டுவிட்டேன். அந்த வாளித் தண்ணீரில் துணி துவைத்தேன்.

நம்மிடம் சேவல் இல்லை, நம் முட்டை பொரியாது. செல்லம்மா அக்கா திட்டிக்கொண்டே ஒன்பது முட்டை கொடுத்தது. நான் வேலை பார்க்கும் குரோம்பேட்டை காலேஜ் மெஸ்ஸிலிருந்து ஒரு தக்காளி டிரே கேட்டு வாங்கி வந்தேன். மணல் பரப்பி, சாக்கைக் கிழித்துப் போட்டு, முட்டைகளை அடுக்கினோம். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடுமாம். ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் ஓரத்தில் வைக்க வேண்டுமாம். வைத்தோம். செவலை ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையாக அலகால் இழுத்து அடியில் தள்ளிக்கொண்டது.

நாளுக்கு ஒரு தடவைதான் இறங்குகிறது. அவசர அவசரமாக நாலு வாய் நொய், கொஞ்சம் தண்ணீர், மறுபடி ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறது. கண் திறந்திருக்கிறது, எதையும் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன். எனக்கு அதன்மேல் பாசம் என்றெல்லாம் சொல்ல முடியாது. பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ரேஷ்மா கேட்கிறாளா என்று அண்ணனிடம் விசாரித்தீர்களாம். கேட்கவில்லை. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் மையம் இருக்கும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கமே வேலை என்பதால் அண்ணனே இதைக் கேட்டில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
எழில்.


முடிச்சூர்,
டிசம்பர்.

ரேஷ்மா அப்பாவுக்கு,

மழைச் செய்தி கேட்டு நீங்கள் தவித்துப்போனதாக அண்ணன் சொன்னார். நாங்கள் பத்திரமாக இருக்கிறோம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாள் விடாமல் கொட்டியது. வரதராஜபுரம் பக்கம் ஆற்றுத் தண்ணீர் ஏறிவிட்டது என்று காலையில் மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தனக்கோடி அம்மாவே இறங்கி வந்து, "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு மேல வா" என்று கூப்பிட்டார். ரேஷ்மாவைப் புத்தகப் பையோடு மாடிக்கு அனுப்பினேன். ரேஷன் கார்டையும் அரிசியையும் மேலே சேர்த்தேன். அப்புறம் படிக்கட்டுக்கு அடியில் போய்ப் பார்த்தேன்.

டிரேக்கு அடியில் வைத்திருந்த செங்கல்கள் முழுகி, தண்ணீர் மணலைத் தொட்டுவிட்டது. செவலையின் வால் நனைந்து தொங்கியது. நம்முடைய இன்னொரு கோழி எப்போதோ பறந்து மதில்மேல் ஏறிவிட்டது. இது மட்டும் அசையவில்லை. முட்டை பொரிய இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. டிரேயை அப்படியே கோழியோடு தூக்கினேன். கொத்தவில்லை. என் வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டு படிக்கு வந்தேன்.

தனக்கோடி அம்மா படியில் நின்றார். "கோழியெல்லாம் மேல வேணாம் எழிலு. சாமி ரூம் இருக்குது, வீடே நாறிப்போயிடும். முட்டைதான, போனா போவுது. நீ வா" என்றார்.

யார் என்ன சொன்னாலும் நான் சரி என்று சொல்கிறவள்தான். உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தச் சரி வாயில் வரவில்லை. மாட்டேன் என்றும் வரவில்லை. தண்ணீரில் நின்றேன். சாக்கடையும் மழையும் கலந்த தண்ணீர், ஏதேதோ காலில் இடித்துக்கொண்டு போகிறது. தலையில் மழை. கை இரண்டும் வலித்தன. மேலேயிருந்து ரேஷ்மா, "அம்மா, வாம்மா! அம்மா!" என்று கத்துகிறாள். அப்போதும் நான் நகரவில்லை. பிடிவாதம் பிடிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. டிரேயைக் கீழே வைக்க இடமில்லை, அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

கடைசியில் அந்த அம்மா, "ஏறித் தொலைடி. உன் கோழிக்கு மேல இருக்கிற நீ" என்று வழிவிட்டார். பழைய பாத்திரங்கள் போட்டு வைக்கும் சின்ன அறையைக் காட்டினார். அவரே பேப்பர் விரித்தார்.

கரண்ட் இல்லை, தண்ணீர் வடியவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் கஞ்சியும் ஊறுகாயுமாக இருந்தோம். முதலில் அந்த அறைப் பக்கமே வராதவர், அப்புறம் மணிக்கொரு தரம் எட்டிப் பார்க்கத் தொடங்கினார். ஒரு காலை, "எழிலு, சீக்கிரம் வா, முட்டைக்குள்ள சத்தம் கேக்குது" என்று கூவினார். போய்ப் பார்த்தால் அந்த வயசில் தரையில் குப்புறப் படுத்து, டிரேயில் காதை வைத்துக்கொண்டிருக்கிறார். செவலை அவரைப் பார்த்து உப்பிக்கொண்டு கர்ரென்கிறது. "போடி, உன் புள்ளைய யாரும் தூக்கிட்டுப் போவல" என்று அதனிடம் சொன்னார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஏழு பொரிந்தன. ஈரமாக, அசிங்கமாக வெளியே வருகின்றன. கொஞ்ச நேரத்தில் காய்ந்து பஞ்சாகிவிடுகின்றன. செவலை அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில், தொண்டைக்குள்ளேயே கொக் கொக் என்று பேசியது. ரேஷ்மா அந்த மெலிந்த கையை நீட்டினாள். தனக்கோடி அம்மா ஒரு குஞ்சை எடுத்து அதில் வைத்தார். "வெயிட்டே இல்லம்மா!" என்று சொல்லிச் சிரித்தாள். தீபாவளிக்கு முன்னால் அவள் சிரித்தது, அதற்கப்புறம் இப்போதுதான். தனக்கோடி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் பஸ்ஸுக்கு நிற்கிறவளைப் போல நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிகிறது. ஆனால் சந்தோஷம் வரவில்லை.

இரண்டு முட்டை பொரியவில்லை. மறுநாள் செவலை அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து, குஞ்சுகளை இழுத்துக்கொண்டு அறையைச் சுற்றத் தொடங்கிவிட்டது.

கீழே சுவரெல்லாம் சேறு. உங்கள் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அண்ணனிடம் இரண்டு கொடுத்தனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அங்கே பூசை உண்டாம். போங்கள்.

எழில்.


முடிச்சூர்,
ஜனவரி, பொங்கல் முடிந்து.

அன்புள்ள ரேஷ்மா அப்பாவுக்கு,

நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து நன்றாக இருந்தது, கோடு வளையவில்லை. வந்ததும் கோழிகளுக்குக் கூண்டு செய்து தருவதாக எழுதியிருந்தீர்கள். ரேஷ்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள்.

நாங்கள் வீட்டைக் காலி பண்ணவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் சாமான் கட்ட அட்டைப் பெட்டிகள் வாங்கி வந்தேன். தனக்கோடி அம்மா பார்த்துவிட்டு, "எதுக்கு இதெல்லாம்? நீயும் பாப்பாவும் இங்கயே இருங்க. எவ்ளோ வருஷம் வேணாலும் இருங்க. ஆனா துரைராஜு இந்த கேட்டைத் தாண்டக் கூடாது. அதை நீதான் அவன்கிட்ட சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்றார். பெட்டிகளை மடித்துப் பரண்மேல் போட்டேன். அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. இறக்கை முளைத்து, கழுத்து நீண்டு, பார்க்க அழகு குறைந்துவிட்டது. ஒன்றைப் பூனை கொண்டுபோய்விட்டது. பட்டப்பகலில் மதிலிலிருந்து குதித்தது. செவலை இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு பூனையின் முகத்திலேயே பாய்ந்தது. நான் துடைப்பத்தோடு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செவலையின் கழுத்தில் ரத்தம். கொஞ்ச நேரம் மதிலைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் மீதி ஆறையும் கூட்டிக்கொண்டு குப்பையைக் கிளறப் போய்விட்டது. நான் அதன் கழுத்தில் மஞ்சள் பூசினேன். அப்போதும் அது என்னைக் கொத்தாமல் நின்றது.

போன வாரம் கவுன்சிலர் அம்மா போன் செய்தார். நீங்கள் நன்றாகத் தேறிவிட்டதாகவும், காலையில் எழுந்து தோட்ட வேலை செய்வதாகவும், புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வதாகவும் சொன்னார். "மாசக் கடைசியில டிஸ்சார்ஜ். சந்தோஷமா வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். சரி மேடம் என்றேன்.

ரேஷ்மா பின்பக்கம் நொய் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வரப்போகிறார் என்றேன். கிண்ணத்தில் இருந்ததையெல்லாம் போட்டு முடித்தாள். அப்புறம், "அம்மா, அப்பா வந்தா குஞ்சையெல்லாம் எங்க வெக்கறது?" என்று கேட்டாள். ஏன், இங்கேயே இருக்கட்டுமே என்றேன். "வேணாம்மா. செல்லம்மா ஆண்ட்டி வூட்ல வெச்சிடலாம். அவங்க கேட்டுல பூட்டு கீது" என்றாள். பயந்து சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. மழை வருவதற்குள் துணியை எடுத்து வைத்துவிடலாம் என்பதுபோலச் சொன்னாள். நாம் எங்கே போவது என்று அவள் கேட்கவில்லை. நாம் இருந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். ஒன்பது வயசுப் பிள்ளை.

உள்ளே வந்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மரத்த காலில் ரத்தம் ஓட ஆரம்பிக்கும்போது ஆயிரம் ஊசி குத்துமே, அப்படி உடம்பெல்லாம் இருந்தது. ரொம்ப நேரம் அழுதேன். எவ்வளவு நாளாக நான் பயந்துகொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதனால் இதை எழுதுகிறேன். நீங்கள் இங்கே வர வேண்டாம். மேடவாக்கத்தில் அண்ணன் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, நானே அவரிடம் பேசிவிட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "நீ சொல்றது நியாயம்தாம்மா" என்றார். உங்கள் துணிமணி, லைசென்ஸ், உங்கள் அம்மாவின் போட்டோ எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

தனக்கோடி அம்மா சொன்னதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். நீங்கள் திருந்தவில்லை என்றும் சொல்லவில்லை. திருந்தியிருப்பீர்கள். கவுன்சிலர் அம்மா பொய் சொல்ல மாட்டார். ஆனால் அதை நம்பிப் பார்க்க எங்களிடம் இன்னொரு கை இல்லை.

என்றைக்காவது ரேஷ்மா தானாக உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், நானே கூட்டிக்கொண்டு வருவேன். இது சத்தியம். அவள் கேட்கும்வரை பள்ளிக்கூட வாசலிலும் வந்து நிற்காதீர்கள். உங்களை நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதீர்கள். சாயங்காலம் தனியாக இருக்காதீர்கள், அண்ணன் பிள்ளைகளோடு உட்கார்ந்திருங்கள். நல்ல தூக்கம் வரட்டும். ஞாயிறு தோறும் பூசையில் உங்கள் பெயரைச் சொல்லித்தான் வேண்டிக்கொள்கிறேன், இனியும் சொல்வேன்.

மாதா உங்களை அங்கே காக்கட்டும். எங்களை இங்கே காக்கட்டும்.

எழில்.