முழுவதும் உடன்படுகிறேன்

இன்று காலை டான் சோன் நாட் விமான நிலையத்தில், எங்கள் சரக்கு அலுவலகத்தில் ஐஸ் காபியைக் கையில் எடுத்தபோது கைப்பேசி ஒலித்தது. நம் இணைய வகுப்பு ஆசிரியரின் அறிவிப்பு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் கண் விழிக்காமலே போய்விட்டீர்களாம். அறுவை சிகிச்சையா? என்ன அறுவை சிகிச்சை? ஐஸ் முழுக்கக் கரையும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடைசிப் பதிவைத் தேடித் திறந்தேன். அந்த வாரத் தலைப்பு, போதிய விவரம் தெரியாமல் எடுத்த முடிவு. எல்லோரும் கொள்முதல், கிடங்கு என்று எழுத, நீங்கள் உங்கள் இதயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சொந்த ஊர் காரைக்குடிக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொள்வதா, இங்கேயேவா என்று குழம்பி, இங்கேயே என்று முடிவெடுத்துவிட்டேன், தவறென்று பட்டால் யாராவது சொல்லுங்கள் என்று.

அதன் கீழே முதல் மறுமொழி என்னுடையது. "அருமையான பதிவு. முழுவதும் உடன்படுகிறேன்."

நான் படிக்கவே இல்லை. வாரம் இரண்டு பேருக்குப் பதில் எழுதினால்தான் மதிப்பெண் என்பதால், அந்த வரியைக் கைப்பேசியில் தயாராக வைத்திருந்தேன். கெடு முடியும் நேரத்தில் மேலே தெரிந்த இரண்டு பதிவுகளில் ஒட்டினேன். ஒன்று உங்களுடையது என்றுகூடப் பார்க்கவில்லை.

இதே குட்டு ஒருமுறை உங்களிடம் உடைந்ததே! வகுப்பில் தமிழர் நாம் இருவர்தான், அதுவும் இந்த அயல்நாட்டில் ஒரே ஊரில் என்று தெரிந்து, தாவோ தியென் பகுதியில் ஒரு காபிக் கடையில் சந்தித்தோம். சோலோன் பகுதியில் இருக்கும் உங்கள் துணிக்கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். உட்கார்ந்ததும் போனை நீட்டினீர்கள்.

"ஏங்க, இந்த மனுசன் குடோன் எரிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்காரு. நீங்க முழுசா உடன்படுறேன்னு போட்டிருக்கீகளே! எதுக்கு உடன்படுறீக, எரிஞ்சதுக்கா?"

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. "உங்களுக்கு மட்டும் அப்படிப் போடவே மாட்டேங்க, சத்தியமா" என்றேன்.

"பாப்போம், பாப்போம்" என்றீர்கள். நீங்கள் யாருக்குப் பதில் எழுதினாலும் அவர் எழுதியதில் ஒரு வரியை எடுத்துப் போட்டு, ஒரு கேள்வியோடுதான் முடிப்பீர்கள். எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

அந்தச் சத்தியத்தை நம்பியிருக்கிறீர்கள். என் மறுமொழிக்குக் கீழே, நான் இன்றுவரை திறக்காத உங்கள் பதில் இருக்கிறது. "முழுவதும் உடன்படுகிறேன் என்கிறீர்கள். எனக்கு நீங்கள் படிக்காமல் போடமாட்டீர்கள். இப்போதுதான் தைரியம் வந்தது. நாளை மருத்துவமனையில் சேர்கிறேன். என் பதிவில் எந்த வரி உங்களைத் தொட்டது?"

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்ன மனுஷி நான்!

இப்போது நான்கு முறை படித்துவிட்டேன். "பயமாக இருக்கிறதென்று வீட்டில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்." அந்த வரிதான். அன்றே படித்திருந்தால் உடன்பட்டிருப்பேனா, தடுத்திருப்பேனா, தெரியாது. மருத்துவமனை வாசலுக்காவது வந்திருப்பேன். பைக் டாக்சியில் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

கைப்பேசியில் வைத்திருந்த அந்த வரியை அழித்துவிட்டேன். அந்த வார விவாதத்தை மூடிவிட்டார்கள். அதனால் உங்கள் பதிவின் கீழே இருப்பதை மட்டும் அழிக்க முடியவில்லை. அங்கேயே இருக்கிறது, என் பெயரோடு.