ஸாபிரின் மொழியைப் பறித்த சுதாவுக்கு

என்ட மச்சான் சுதாவுக்கு,

நீ செத்துப் போய் ஏழு மாதமாகிறது. உன் மீது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மௌத்தான ஆளோடு கோபிக்கக் கூடாது என்று உம்மா சொல்கிறா. நான் என்ன செய்ய? சண்டை தொடங்கியது நீ உயிரோடு இருக்கும்போது. பாதியில் எழுந்து போனவன் நான். முடித்து வைக்க வழியில்லாமல் செய்தவன் நீ. இப்போது கடையில் தண்ணீர் மோட்டர் திருத்துகிற நேரத்திலும் உன்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். அதனால் நம்முடைய விளையாட்டு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், பொறு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போய், இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை டைஸ் உருட்டிப் பார்ப்போம். மருதமுனையில் என் மூத்த சகோதரி ஷாமிலா ராத்தாவின் வீட்டு மாடியில், அவ டியூஷன் சொல்லிக் கொடுக்கிற அறையில், ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நாலு வருசம் இதைத்தான் செய்தோம். ராத்தா, வங்கியில் வேலை செய்கிற ஜெஸ்மில், நான். கதை சொல்கிறவன் நீ. பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவாய். காணி அளக்கிற கந்தோரில் படம் வரைகிற உத்தியோகம் என்பதால், பழைய அளவைத் தாள்களின் பின்பக்கத்தில் நம்முடைய காடு, கோட்டை, சதுப்பு எல்லாவற்றையும் வரைந்து கொண்டுவருவாய். சதுப்பைப் பார்த்தால் அப்படியே நம்முடைய நாவிதன்வெளி வயல் வாய்க்கால்கள்தான். கேட்டால் இல்லை என்று சாதிப்பாய்.

என் பாத்திரம் ஒரு வைத்தியன். பெயர் ஸாபிர். பொறுமைக்காரன் என்று அர்த்தம் சொன்னபோது நீ தேத்தண்ணி புரைக்கேறுமளவுக்குச் சிரித்தாய்.

இந்த விளையாட்டின் பழைய விதிப் புத்தகம் ஒன்றை உன் பெரியம்மா மகன் லண்டனிலிருந்து கொண்டுவராமல் இருந்திருந்தால் நமக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. அதுவரை நமக்குத் தெரிந்த விதிகளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குணம் என்று ஒரு கட்டம் இருந்தது. நல்லவன், கெட்டவன், நடுவில் நிற்பவன், ஏதோ ஒன்றை எழுத வேண்டும். ஒரு தரம் எழுதியதோடு மறந்துவிடுவோம். பழைய புத்தகம் அதற்கு மேலே ஒன்று சொன்னது. ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு மறைமொழி உண்டு. நல்லவர்கள் எந்த ஊரில் பிறந்தாலும் ஒரே மொழியில் தங்களுக்குள் கதைத்துக்கொள்வார்கள். குணம் மாறினால் அந்த மொழி அந்த நொடியே மறந்து போகும். நீ அதற்கு நன்மொழி என்று பெயர் வைத்தாய். எங்களுக்கெல்லாம் நல்லாய்ப் பிடித்திருந்தது. பறிபோகும் என்று யார் நினைத்தார்கள்?

சண்டை வந்த அந்த ஞாயிறு நடந்ததை எனக்கு ஞாபகமிருக்கிறபடி சொல்கிறேன். உனக்கு வேறு மாதிரி ஞாபகமிருந்தால், வந்து சொல்லியிருக்க வேண்டும்.

சேற்றாக்கள் என்று ஒரு கூட்டம், சதுப்பில் வாழ்கிறவர்கள். புத்தகத்தில் அவர்களுடைய குணக் கட்டத்தில் கெட்டவர் என்று அச்சடித்தே இருந்தது. அவர்களில் ஒருவனைப் பிடித்தோம். சதுப்பைக் கடக்க வழி காட்டினால் கரையில் விட்டுவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தது ஸாபிர், அதாவது நான். அவன் சரியான வழியைத்தான் காட்டினான். கரைக்குக் கிட்ட வரும்போது அவனுடைய ஆக்களின் கொம்புச் சத்தம் கேட்டது. அவிழ்த்து விட்டால் ஓடிப்போய்க் காட்டிக்கொடுப்பான் என்று எனக்குப் பட்டது. அவனை மதகுக் கம்பத்தில் கட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று நீ இரண்டு தரம் கேட்டாய். இரண்டு தரமும் ஓம் என்றேன்.

நீ பென்சிலை எடுத்து என் பாத்திரத்தின் தாளில், குணக் கட்டத்தில் நல்லவன் என்று இருந்ததை வெட்டினாய். இந்த நொடியிலிருந்து ஸாபிருக்கு நன்மொழி விளங்காது என்றாய்.

"அவன் பிறப்பிலேயே கெட்டவன் எண்டு ஒன்ட புத்தகத்திலதானே இரிக்கி?" என்று கேட்டேன்.

"புத்தகத்தில இருக்கு. வாக்குக் குடுத்தது நீ."

போன கிழமைதான் அதே சேற்றாக்களில் பதினொரு பேரை வெட்டினோம், நீயே புள்ளி தந்தாய், அப்போது போகாத மொழி இப்போது எப்படிப் போகும் என்று கேட்டேன். அவர்கள் ஆயுதத்தோடு வந்தவர்கள், இவன் உன் வாக்கை நம்பி வந்தவன் என்றாய். அந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, சுதா. ஒரு கூட்டத்தையே கெட்டவர்கள் என்று அச்சடித்துக் கையில் தந்துவிட்டு, அதை நம்பினவனைக் குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்? அச்சடித்த கட்டத்தை நீ முதலே வெட்டியிருக்கலாமே? பென்சில் உன் கையில்தானே இருந்தது?

அதற்குப் பிறகு ராத்தாவும் ஜெஸ்மிலும் நன்மொழியில் கதைக்க வேண்டிய இடம் வந்தது. எனக்குக் கேட்கக் கூடாது என்பதால் வெளியே போய் நிற்கச் சொன்னாய். முப்பத்துமூன்று வயசு ஆம்பிளை, மாடிப் படியில் நின்று ரோட்டில் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நீங்கள் மூன்று பேரும் குசுகுசுக்கிறீர்கள். ஒரு தரம் சிரிப்புச் சத்தமும் வந்தது. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறீர்கள் என்று நினைத்தேன். டைஸ் மேசையிலிருந்து உருண்டு ராத்தாவின் பிளேன்டீக்குள் விழுந்ததற்குச் சிரித்தீர்களாம். பிறகுதான் ராத்தா சொன்னா.

அந்தக் கிழமை ஊர் இருந்த நிலைமையும் உனக்குத் தெரியும். ஊர் எல்லை எங்கே, பிரதேச செயலகக் கந்தோர் யாருக்கு என்று தமிழர், முஸ்லிம்கள் என்று நம்முடைய இரண்டு பக்கமும் முறுகிக்கொண்டு நின்றது. கடைகள் இரண்டு நாள் பூட்டு. தேநீர்க் கடையில் உங்கள் ஆக்களைப் பற்றி எங்கள் ஆக்கள் கதைத்ததை நான் கேட்டேன். எங்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் கதைத்ததை நீயும் கேட்டிருப்பாய். அப்படி இருந்தும் நீ சைக்கிளை மிதித்து வந்தாய். அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. படியிலிருந்து உள்ளே வந்து, எல்லோருக்கும் முன்னால் உன்னைக் கேட்டேன்:

"வாக்கு மாறுறவங்க எண்டு எங்கட ஆக்களத்தானே சொல்றாய்?"

ராத்தா என் பெயரைச் சொன்னா.

"ரியாஸ், நான் விளையாட்டப் பத்தித்தான் கதைக்கிறன்" என்றாய். பிறகு டைஸ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போடத் தொடங்கினாய். நீ பொறுக்கி முடிக்க முதலே நான் இறங்கிப் போய்விட்டேன்.

பதின்மூன்று கிழமை, மூன்று மாதம், உன்னோடு நான் கதைக்கவில்லை. நான் வேலை செய்கிற கடை கல்முனையில். மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் போகிறவன் பாண்டிருப்பைத் தாண்டாமல் போக முடியாது. காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் உன் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் வாயைத் தாண்டினேன். ஒரு நாள் சந்தைக்கு முன்னால் நீ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என்னைக் கண்டு கையைத் தூக்கினாய். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பைக்கை எடுத்தேன். நான் உன்னைக் காணவில்லை என்று நீ நினைத்திருக்கலாம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நீ அப்படி நினைக்கவில்லை, இல்லையா?

ராத்தாதான் போனில் கோல் எடுத்துச் சொன்னா. கந்தோரில் கதிரையில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்தாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டதாம். முப்பத்தைந்து வயசு. உன் வீட்டுக்கு வந்தேன். ஒழுங்கையில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே வராமல் பந்தல் காலோடு நின்றேன். உன் தங்கச்சி தர்ஷினி என்னைக் கண்டு கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அழுது வீங்கின முகத்தோடு, சாப்பிட்டு வந்தீங்களா ரியாஸ் அண்ணா என்று கேட்டாள். அந்தக் கதிரையில் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இனி உனக்குத் தெரியாத புதுச் செய்தி, புதினம். போன மாதம் தர்ஷினி உன் பையைத் தூக்கிக்கொண்டு ராத்தா வீட்டுக்கு வந்தாள். புத்தகம், டைஸ், வரைபடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. தந்துவிட்டுப் போவாள் என்று நினைத்தோம். அவள் போகவில்லை. அண்ணா ஞாயிறு ஞாயிறாக எங்கே போனவர், என்ன செய்தவர் என்று தனக்குத் தெரிய வேண்டும், தானும் விளையாட வேண்டும் என்று வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். நான் உன் தாள்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். அந்தச் சேற்றாளுக்கு என்ன நடந்தது, ஸாபிர் என்ன செய்தால் மொழி திரும்பும், ஒரு வரியாவது எழுதியிருப்பாய் என்று தேடினேன். வாய்க்கால், அம்புக்குறி, அளவுகோல். வேறு ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டா போவாய்?

இப்போது கதை சொல்வது ராத்தா. கணக்கு டீச்சர்தானே, விதியில் ஒரு மயிரிழை விடமாட்டா. முதல் நாளே நன்மொழி வருகிற இடம் வந்தது. என்னை வெளியே போகச் சொன்னா. மறுபடியும் அதே படி, அதே ஆட்டோ. எனக்கு வந்த ஆத்திரத்தில் படியிலிருந்த செருப்பொன்றை உதைத்தேன், அது ஜெஸ்மிலுடையது, பக்கத்து வளவுக்குள் போய் விழுந்தது.

உள்ளே திரும்பி வந்தபோது, ரியாஸ் அண்ணாவை ஏன் வெளியே விடுகிறீர்கள் என்று தர்ஷினி கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்தா என்னைப் பார்த்து, அதை அவன்தான் சொல்ல வேண்டும் என்றா. சொன்னேன். மதகையும் சொன்னேன், உன்னைக் கேட்ட கேள்வியையும் ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். சந்தையில் நீ கை தூக்கியதையும் சொன்னேன்.

தர்ஷினி கையிலிருந்த டைஸை மேசையில் வைத்தாள்.

"அண்ணா எங்களுக்கு அப்பிடிச் சொல்லல்ல. ஏன் இப்ப போறல்ல எண்டு அம்மா கேக்க, ரியாசுக்கு வயல் சீசன், மோட்டர் வேலை கூட, அது முடிய மறுகா தொடங்குவம் எண்டுதான் சொன்னவர். அம்மாக்கு இண்டைக்கும் அதுதான் தெரியும்."

பொய் சொல்லியிருக்கிறாய். கிழமைக்குக் கிழமை, உன் அம்மாவிடம், நான் சொன்னதை மறைக்கப் பொய் சொல்லியிருக்கிறாய். உன் வீட்டில் என்னை ஒருத்தரும் கெட்டவன் என்று எழுதிவிடக் கூடாது என்றா? அப்படியென்றால் விளையாட்டில் மட்டும் ஏனடா பென்சிலை எடுத்தாய்? ஒரு கோல் எடுத்து என்னைப் பேசியிருக்கலாமே. வாசலுக்கு வந்து ஏசியிருக்கலாமே. நான் திருப்பி ஏசியிருப்பேன், ராத்தா இரண்டு பேரையும் ஏசியிருப்பா, அதோடு முடிந்திருக்கும்.

ஜெஸ்மில் இடம் பொருள் தெரியாமல் புத்தகத்தைப் புரட்டி, பொய்யும் குணத்தை மாற்றும் என்று இதில் இருக்கிறதே என்றான்.

"அப்ப அண்ணாக்கும் அந்த மொழி போயிருக்குமா?" என்று தர்ஷினி கேட்டாள்.

ராத்தா புத்தகத்தை ஜெஸ்மிலின் கையிலிருந்து வாங்கி மூடினா. அன்றைக்கு அதற்கு மேல் விளையாடவில்லை. உன்னைப் பற்றிக் கதைத்தோம், பிறகு ஜெஸ்மிலின் செருப்பைத் தேடப் போனோம்.

அடுத்த ஞாயிறு நான் ஒன்றைச் செய்தேன். எல்லோரையும் முன்னே போகவிட்டு, ஸாபிர் மதகுக்குத் திரும்பிப் போகிறான் என்றேன். ராத்தா டைஸ் உருட்டினா, என்ன விழுந்தது என்று காட்டவில்லை. கம்பம் நிற்கிறது, கயிறு அறுந்து கிடக்கிறது, ஆள் இல்லை என்றா. அறுத்துக்கொண்டு போனானா, அவனுடைய ஆக்கள் வந்து அறுத்தார்களா, தண்ணீர் இழுத்துப் போனதா என்று கேட்டேன். ஸாபிருக்குத் தெரியாது என்றா. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றேன். பெயர் என்ன என்று கேட்டா. அவன் எங்களோடு சதுப்பு முழுக்க நடந்தவன். ஒருக்காலும் நான் அவன் பெயரைக் கேட்கவில்லை.

இப்போது ஸாபிர் அங்கேதான் திரிகிறான். நன்மொழியைத் திருப்பித் தரலாம் என்று ராத்தா இரங்கிச் சொன்னா. வேண்டாம் என்றுவிட்டேன். அவன் சேற்றாக்களின் மொழியைப் படிக்கிறான். தர்ஷினிதான் அதற்குச் சொற்கள் உண்டாக்குகிறாள். இதுவரை நாலு சொல் தெரியும்: தண்ணீர், பயப்படாதே, எங்கே, உன் பெயர். எங்களுடைய தாள்கள் எல்லாவற்றிலும் குணக் கட்டத்தை ராத்தா வெள்ளை மையால் அழித்துவிட்டா. அதை நீ முதலே செய்திருக்க வேண்டும். செய்யாததற்கு உன்னை மன்னிக்கப் போவதில்லை, இப்போதைக்கு.

ஒன்று மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். வருகிற ஞாயிறு, விளையாட்டுக்குப் போக முதல், உன் ஒழுங்கைக்குள் பைக்கைத் திருப்புவேன். எனக்கு வேலை அதிகம் என்றுதான் உன் அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறா. உண்மையை நானே சொல்லப் போகிறேன். தர்ஷினி வேண்டாம் என்கிறாள், அம்மா தாங்கமாட்டா என்கிறாள். அம்மா என்னை வெளியே போகச் சொன்னால் போவேன். அதற்கு அடுத்த ஞாயிறும் வருவேன்.

கோபம் தீராத உன் மச்சான்,
ரியாஸ்
மருதமுனை